தூதுவர் வரவேற்பும் அலுவலர் பயிற்சியும்

ஊத்துக்கோட்டையைக் கடந்து சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி நோக்கிச் செல்லும் சாலையில் நாகலாபுரம் என்னும் ஊர் உள்ளது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் தனியே அமைந்தபோது அதற்கு உரியதாயிற்று. மச்சாவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியிருக்கும் வேதநாராயணர் கோயில் அங்கே இருக்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னையார் நாகலாதேவியின் பெயரால் அவ்வூரைச் சிறப்பித்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கோயிலின் பெருமையை விரிப்பது இன்று நம் நோக்கமன்று. அயல்நாட்டுத் தூதுவரை வரவேற்கும் முறைமையை அப்பேரரசு எவ்வாறு கையாண்டது, நம் காலத்து அரசாங்கம் அதனைத் தன் அலுவலர்க்கு எவ்வாறு பயிற்றுகிறது என்பதையே சிறிது ஆராய்வோம்.

கிருஷ்ணதேவராயருக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்னர், 1443இல், இரண்டாம் தேவராயரின் அவைக்கு ஒரு தூதுவர் வந்தார். தைமூரின் மைந்தர் ஷாருக் ஹீராத் நகரிலிருந்து ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவருடைய தூதராகக் கள்ளிக்கோட்டைக்கு வந்திருந்த அப்துர் ரசாக் என்பவரை, தேவராயர் தம் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார். ரசாக் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால் அக்காலத்து அவை கண்முன் நிற்கிறது. ஐந்து குதிரைகளையும் பட்டாடைகள் அடுக்கிய இரண்டு தட்டுகளையும் அவர் காணிக்கையாக அளித்தார். மன்னர் அவரை அருகில் அமரச் செய்து, கொணர்ந்த ஓலையை வாங்கி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். பல உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்த தூதுவர் வெப்பம் தாளாமல் வியர்த்து நனைந்தார். அதைக் கண்ட மன்னர் தம் கையிலிருந்த விசிறியை எடுத்து அவரிடம் அளித்தார். பிறகு வெற்றிலையும், ஐந்நூறு பணம் கொண்ட பையும், கற்பூரமும் வழங்கப்பெற்றன. நாள்தோறும் அவர் தங்கிய இடத்திற்கு ஆடு, கோழி, அரிசி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவை முறையாகச் சென்றன. வாரம் இருமுறை மாலையில் அவைக்கு அழைப்பு வந்தது. மரபு நூல் எதிலும் விசிறி கொடுக்க வேண்டுமென்ற விதி இருந்திராது. விருந்தினரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வதற்கு விதி தேவையில்லை.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து வந்திருந்த வணிகர் சிலர், இவர் ஷாருக் அனுப்பிய தூதரே அல்லர், வெறும் வணிகர் என்று அவையில் புறங்கூறினர். ஆதரவாக இருந்த அமைச்சர் போர்மேற் சென்றிருந்த வேளையில், அவருடைய இடத்தில் இருந்தவர் நாட்படியை நிறுத்திவிட்டார். அமைச்சர் மீண்டு வந்த பின்னரே நிலைமை சீர்பட்டது. விடைபெறும் வேளையில், உம்மைப் பற்றி இவ்வாறு கூறினர், இல்லையேல் இதனினும் மேலான சிறப்புச் செய்திருப்போம் என்னும் கருத்துப்பட மன்னர் மொழிந்ததாக ரசாக்கே எழுதுகிறார். தம்மை இன்னார் என்று நிறுவ இயலாத தூதுவருக்கு நேரும் இடர்ப்பாடு இது. இக்காலத்தில் ஒரு நாட்டின் தூதர் வந்திறங்கியதும், தம் நாட்டுத் தலைவர் கையொப்பமிட்ட நம்பிக்கைச் சான்றோலையைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் நேரில் அளிக்கும் சடங்கு வெறும் அலங்காரமன்று என்பதை ரசாக்கின் அனுபவம் நமக்குத் தெளிவாக்குகிறது.

இனி, கிருஷ்ணதேவராயர் இயற்றிய ஆமுக்தமால்யதா நம் ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் பாடும் காவியம். அதனுள் அரசநீதிப் பகுதி ஒன்று உண்டு. யானைகளையும் நல்ல குதிரைகளையும் கொணரும் தூரதேசத்து வணிகருக்கு நாள்தோறும் காட்சி கொடுத்து, பரிசளித்து, நியாயமான ஊதியமும் கிடைக்கச் செய்து நம்மிடம் பிணித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அப்பொருள்கள் பகைவர் கைக்குச் செல்லா என்பது அங்கே கூறப்படும் அறிவுரை. உபசாரத்திற்குப் பின்னால் குதிரைப்படையின் கணக்கு இருந்தது. இதை மறைக்காமல் சொன்ன அரசரை நாம் பாராட்டலாம்.

மேனாட்டிலோ முறைமை தவறியதால் இரத்தமே சிந்திற்று. 1661இல் ஸ்வீடன் நாட்டுத் தூதர் லண்டன் மாநகரில் வந்திறங்கியபோது, ஊர்வலத்தில் அரசரின் வண்டிக்கு அடுத்து யார் வண்டி செல்வது என்று ஸ்பானியத் தூதரின் ஆட்களும் பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் தெருவிலேயே போரிட்டனர். பலர் மாண்டனர், குதிரைகளும் மடிந்தன. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி போர் தொடுப்பதாக மிரட்டவே ஸ்பெயின் பணிந்தது. இத்தகைய பூசல்களுக்கு முடிவுகட்டியது 1815ஆம் ஆண்டின் வியன்னா மாநாடு. நாட்டின் பெருமை சிறுமையைக் கருதாமல், தூதர் தம் வருகையை முறைப்படி அறிவித்த நாளைக் கொண்டே மூப்பு வரிசை அமைய வேண்டும் என்று அது விதித்தது. எவ்வளவு எளிய தீர்வு! 1961இல் வியன்னாவிலேயே உருவான உடன்படிக்கையும் இக்கொள்கையை ஒட்டியே அமைந்தது. இந்தியா 1965இல் அதில் சேர்ந்தது. ஆகவே மிகச்சிறிய நாட்டின் தூதர் முன்னர் வந்திருப்பாராயின், பின்னர் வந்த வல்லரசின் தூதர் அவருக்குப் பின்னரே நிற்பார்.

நம் நாட்டின் வெளியுறவுப் பணி 1946 அக்டோபர் 9 அன்று எடுத்த முடிவினால் தோன்றியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பெறும் இளைஞர்கள் முதலில் முசோரி மலையில் ஏனைய பணியினரோடு அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். பின்னர் டில்லியில் 1986இல் தொடங்கப்பெற்ற வெளியுறவுப் பணிப் பயிற்சி நிலையத்திற்கு வருகின்றனர். 2020இல் அதற்குச் சுஷ்மா ஸ்வராஜ் அவர்களின் பெயர் சூட்டப்பெற்றது. பன்னாட்டுச் சட்டம், பொருளாதாரம், அயல்மொழி ஆகியவற்றோடு அரசுமுறை மரபும் அங்கே பாடமாகும். விருந்து மேசையில் யாரை எங்கே அமர்த்துவது, அழைப்பிதழை எவ்வாறு எழுதுவது, வாகனத்தில் சிறப்புக்குரிய இருக்கை எது என்பனவெல்லாம் கேட்பதற்குச் சிறிய செய்திகளே. ஆனால் கொடி ஒன்று இடம் மாறினால் மறுநாள் நாளிதழ்களில் அதுவே பெரிய செய்தி. நம் கொடிச் சட்டத் தொகுப்பின்படி, பல நாட்டுக் கொடிகள் ஒரே வரிசையில் நிற்குங்கால் நம் கொடி வலக்கோடியில் நிற்க வேண்டும். இங்கே வலம் என்பது, வரிசையின் நடுவில் நின்று அவையோரை நோக்குபவருக்கு வலம். எதிரே அமர்ந்து பார்ப்பவருக்கு அதுவே இடக்கோடி. இவ்வொன்றில் தடுமாறாத புதிய அலுவலர் அரியர்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் அங்கே வகுத்த இடமுண்டு. தலைவருக்குச் சற்றுப் பின்னே அமர வேண்டும். ‘அவர் இவ்வாறு கூறுகிறார்’ என்று சொல்லாமல், பேசியவரின் வாக்காகவே ‘நான்’ என்று பெயர்த்துரைக்க வேண்டும். விருந்து நடக்கும்போது எல்லார் தட்டிலும் உணவு இருக்க, அவருடைய வாய்க்கு மட்டும் வேறு வேலை! மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இப்பகுதியில் தனி அக்கறை உண்டு என்பதை நேயர்கள் பொறுத்தருள்க. ‘புரோட்டோகால்’ என்னும் சொல்லே, பண்டைய கிரேக்கர் தாள்சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் ஏட்டைக் குறித்த பெயரிலிருந்து வந்தது. தமிழில் சிலர் நெறிமுறை என்கின்றனர், சிலர் மரபொழுங்கு என்கின்றனர். திருப்பதிப் பக்கத்தில் யாரும் மொழிபெயர்க்க முயல்வதில்லை. ‘புரோட்டோகால் தரிசனம்’ என்றால் சிறுவனுக்கும் விளங்கும்.

விளியிலும் அடைமொழியிலும் காலம் மாறுகிறது. குடியரசுத் தலைவரையும் ஆளுநர்களையும் ஆங்கிலத்தில் ‘எக்ஸலென்ஸி’ என்று விளித்துவந்த வழக்கம், 2012இல் பிரணாப் முகர்ஜி அவர்களின் ஒப்புதலோடு உள்நாட்டு நிகழ்ச்சிகளில் கைவிடப்பெற்றது. அயல்நாட்டினரோடு பழகும்போது மட்டும் அது நீடிக்கலாம் என்றனர். தமிழில் ‘மேதகு’ என்பதை எங்கே இடுவது, ‘மாண்புமிகு’ என்பதை எங்கே இடுவது என்று அலுவலகங்களில் எழும் வினா இதனோடு தொடர்புடையதே. அதுபோன்றே, குடியரசுத் தலைவர் செயலகம் 1979இல் வெளியிட்ட முன்னுரிமை வரிசைப் பட்டியலைப் பலர் தவறாக உணர்கின்றனர். அது அரசு விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டுமே உரியது. அன்றாட அலுவலுக்குப் பொருந்தாது என்று அப்பட்டியலிலேயே குறித்திருக்கின்றனர். ஆய்வுக் கூட்டத்தில் முன்னிருக்கைக்காக அதைக் காட்டி வாதிடுவோர் அக்குறிப்பைப் படிக்கவில்லை போலும்.

திருமலைக் கோயிலின் வாயிலில் பெருமக்களுக்கு அளிக்கும் வரவேற்பை ‘இஸ்திகபால்’ என்கின்றனர். அரபியில் பிறந்து பாரசீகத்தில் வளர்ந்த சொல் அது. வரவேற்பு என்பதே பொருள். 2014இலும் 2020இலும் இலங்கைத் தலைவர் மஹிந்த ராஜபக்ஷ அங்கே வழிபட வந்தார். அத்தகைய வருகையின்போது விமான நிலையத்தில் எதிர்கொள்வோர் முதல் வேத ஆசீர்வாதம் வரை யார் எங்கே நிற்பது என்பதை மாவட்ட அலுவலரும் தேவஸ்தானத்தாரும் முன்னரே வகுத்துக்கொள்கின்றனர். டில்லியில் கற்பிக்கும் பாடம் இங்கே மலையடிவாரத்தில் நடைமுறையாகிறது.

பயிற்சியே பெறாமல் தூதராகிப் புகழ்பெற்றவரும் இப்பகுதியினரே. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் பள்ளிக்கல்வி பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணன், 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராகச் சென்றார். அவர் தத்துவப் பேராசிரியர். 1952இல் விடைபெறச் சென்றபோது ஸ்டாலினின் கன்னத்தையும் முதுகையும் தட்டிக்கொடுத்தார் என்று கூறுவர். எந்தப் பயிற்சி நிலையமும் இதனைக் கற்பிக்காது. வேறெவர் செய்திருந்தாலும் குற்றமாகியிருக்கும்.

முறைமையின் பெயரால் அநீதியும் நுழைந்துவிடுவதுண்டு. குடகு நாட்டில் பிறந்து சென்னையில் பயின்ற சி. பி. முத்தம்மா, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி. பெண் அலுவலர் மணம்புரிய அரசின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும், மணத்திற்குப் பின் குடும்பப் பொறுப்பு அலுவலுக்கு இடையூறு என்று அரசு கருதினால் பதவி விலக வேண்டும் என்பன அப்பணியின் விதிகள். ஆண்களுக்கு அத்தகைய விதி இல்லை. உயர்பதவி தமக்கு மறுக்கப்பெற்றபோது அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது; திருமண அனுமதி விதியையும் நீக்கியது. ஹங்கேரியில் முன்னரே தூதராக இருந்த முத்தம்மா, இறுதியாக ஹேக் நகரில் தூதராகப் பணியாற்றி 1982இல் ஓய்வு பெற்றார்.