துவர்ப்பின் வேதியியல்

நுழையும்முன்

அறுசுவைகளுள் துவர்ப்பை விரும்பி உண்போர் சிலரே. எனினும், புண்ணைக் கழுவவும் வயிற்றுப்போக்கை நிறுத்தவும் முன்னோர் தேடிச்சென்றவை துவர்ப்புடைய காய்களும் பட்டைகளும் இலைகளுமே. நாவில் தோன்றும் உணர்வுக்கும் உடலில் நிகழும் விளைவுக்கும் அடிப்படை ஒன்றே என்பதை வேதியியல் விளக்குகிறது.

நாவில் நிகழ்வது

கடுக்காய்த் துண்டு ஒன்றை வாயிலிட்டால் நா வறண்டு, கன்னத்தின் உட்புறம் இறுகுகிறது. இதற்குக் காரணம் டானின் எனப்படும் சேர்மங்களாகும். உமிழ்நீரில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் உள்ளன. வாயின் உட்பரப்பு வழவழப்பாக இருப்பதற்கு அவை துணைபுரிகின்றன. டானின்கள் அப்புரதங்களைப் பற்றி வீழ்படிவாக்குகின்றன. வழவழப்பு நீங்கிய பரப்புகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வே துவர்ப்பாக உணரப்படுகிறது. தேநீரில் பால் சேர்த்ததும் துவர்ப்புக் குறைவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்ற வேண்டிய டானினைப் பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் முன்னரே பற்றிக்கொள்கிறது.

டானின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பல ஃபீனால் தொகுதிகள் உள்ளன. அவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகள், புரதத்தைப் பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. தனித்தனியே வலிமை குன்றிய இப்பிணைப்புகள் பலவாகச் சேரும்போது உறுதி பெறுகின்றன. விலங்கின் பச்சைத்தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் இவ்வாறு பிணைக்கப்படுவதால்தான் அழுகும் தோல் அழுகாத தோலாகிறது. தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டை பெற்ற இடம் இவ்வேதிவினையின் பயனே. தாவரத்திற்கோ டானின் ஒரு காவல். பூச்சிகளும் பூஞ்சைகளும் மேயும் விலங்குகளும் எளிதில் அணுகாதவாறு அது தடுக்கிறது.

இருவகையும் மூன்றாம் வகையும்

ஜெர்மானிய வேதியியலறிஞர் கார்ல் ஃபிராய்டன்பர்க் 1920இல் டானின்களை இருவகையாகப் பகுத்தார். முதல்வகை, நீராற்பகுபடும் டானின். இதன் நடுவே குளுக்கோஸ் போன்ற சர்க்கரை அமைந்திருக்க, அதனைச் சுற்றிலும் காலிக் அமிலம் முதலியவை எஸ்டர் பிணைப்புகளால் இணைந்திருக்கும். நீர்த்த அமிலத்துடன் சூடாக்கினால் அப்பிணைப்புகள் அறுந்து, சர்க்கரையும் அமிலங்களும் பிரியும். கடுக்காயிலுள்ள செபுலாஜிக் அமிலமும் செபுலினிக் அமிலமும் இவ்வகையின.

இரண்டாம்வகை, செறிவுற்ற டானின். இதில் கேட்டகின் போன்ற அலகுகள் கார்பன் – கார்பன் பிணைப்பால் சங்கிலியாகத் தொடர்ந்திருக்கும். இதனை நீராற்பகுத்து எளிய அமிலங்களாகவும் சர்க்கரையாகவும் பிரிக்க இயலாது. பாக்கின் துவர்ப்பு இவ்வகையைச் சார்ந்தது.

இப்பகுப்புக்குள் அடங்காத மூலக்கூறுகளும் உள்ளன என்பது பின்னர்த் தெரியவந்தது. கொய்யா இலையை ஆராய்ந்த ஜப்பானிய வேதியியலறிஞர்கள் குவாவின் என்னும் டானின்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றில் முதல்வகைக்குரிய சர்க்கரைப் பகுதியும் இரண்டாம்வகைக்குரிய கேட்டகின் இனத்து அலகும் ஒரே மூலக்கூறில் இணைந்திருந்தன. இத்தகையவை கூட்டு டானின்கள் எனப்படுகின்றன. அமிலத்துடன் சூடாக்கும்போது இவற்றின் எஸ்டர் பிணைப்புகள் அறுபடும். சர்க்கரையையும் கேட்டகின் அலகையும் இணைக்கும் கார்பன் – கார்பன் பிணைப்போ எளிதில் அறுபடாது. மனிதர் வகுத்த எல்லையைத் தாவரம் அறிந்திருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

வாழைப்பூ நறுக்கிய இரும்புக்கத்தி கறுத்துவிடுகிறது. பூவிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருநிற அணைவுச் சேர்மத்தை உண்டாக்குவதே காரணம். கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து முற்காலத்தில் எழுதும் மை செய்தனர்.

மருந்தும் எல்லையும்

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்த திரிபலா, சித்த மருத்துவத்தில் உள்மருந்தாகவும் புண் கழுவும் நீராகவும் பயன்படுகிறது. வயிற்றுப்போக்கிற்குக் கொய்யா இலைக் கொழுந்து கொடுப்பது நாட்டு வழக்கு. டானின், புண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைப் பிணைத்து மெல்லிய படலம் உண்டாக்குகிறது. அதனால் நீர்க்கசிவு குறைகிறது. இச்செயல் அவ்வழக்கங்களை ஓரளவு விளக்குகிறது.

ஆனால், பற்றும் இயல்பு நன்மை தீமை பாராது. 1925 முதல் அமெரிக்காவில் தீப்புண்களுக்கு டானிக் அமிலம் பூசும் முறை பரவியது. உடலின் பெரும்பரப்பில் பூசப்பட்ட டானிக் அமிலம் உடலுக்குள் ஊடுருவிக் கல்லீரலைச் சிதைப்பது கண்டறியப்பட்டதால், 1940களில் அம்முறை கைவிடப்பட்டது. சிறு புண்ணுக்கு நலம் செய்த பொருளே பெரும்புண்ணில் கேடு விளைத்தது.

அன்றாட உணவிலும் இதே எச்சரிக்கை தேவை. கத்தியைக் கறுக்கச் செய்யும் அவ்வினை உணவுக்குழலிலும் நிகழ்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை டானின் பற்றிக்கொள்வதால் உடல் அதனை முழுமையாக உட்கவர இயலுவதில்லை. எனவே, சோகையுற்றோர் உணவோடு தேநீர் பருகுவதைத் தவிர்த்து, இடைவெளி விட்டுப் பருகுதல் நன்று.

எப்பொருளை, எவ்வளவு, எப்போது தருவது என்பதை மருத்துவர் அறுதியிடுகிறார். அவ்வரையறை ஏன் வேண்டும் என்பதற்கு, கடுக்காயைக் கடித்ததும் இறுகும் நாவே முதற்சான்று ஆகும்.