மழித்த முகமும் மலை வெயிலும்

கோடைக்கானலுக்கு வந்த இளைஞர் பலர், "இங்கே வெயிலே இல்லையே!" என்று மகிழக் கேட்டிருக்கிறேன். மறுநாள் காலை சவரம் செய்யும்போது அவர்கள் கன்னம் தீயாய் எரியும். பழி குளிரின்மேல் விழும்.

குளிர் பாதிக் குற்றவாளியே. பழனி மலைத்தொடரின் மேல், ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. கதிரவனை ஆராய்வோருக்கு மலையுச்சியின் தெளிந்த, மெல்லிய காற்று பெருந்துணை. நம் கன்னத்திற்கோ அக்காற்று நல்ல காவலன் அன்று. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் புற ஊதாக் கதிர்கள் சுமார் 10 விழுக்காடு மிகுகின்றன. வெம்மையைக் குளிர்காற்று மறைத்துவிடுவதால், சுட்ட பின்னரே சுட்டது தெரிகிறது. மெல்லிய மேகமும் இக்கதிர்களுக்குப் பெருந்தடையன்று.

ஆடவர் தோல் பெண்டிர் தோலினும் தடித்தது என்பர். உண்மைதான், ஆனால் அத்தடிப்பை நாமே நாள்தோறும் கத்தியால் சுரண்டுகிறோமே! இறந்த உயிரணுக்களும் அவற்றைப் பிணைக்கும் கொழுப்பும் சேர்ந்த மேற்படலமே, தோலின் ஈரம் வெளியேறாமல் காப்பது. மயிரோடு அதையும் சிறிது வாரிச் செல்கிறது கத்தி. அந்த முகத்தோடு தை, மாசி மாதத்து வறண்ட குளிர்காற்றில் ஏரிக்கரையைச் சுற்றினால் எரியாமல் என் செய்யும்?

ஆதலின் மாணவர்களே, வெந்நீரால் மயிரை நன்கு இளக்கி, கூரிய கத்தியால், அது வளரும் போக்கிலேயே மழியுங்கள். சவரக்கடைப் படிகாரம் குருதியை நிறுத்தும். எரியும் தோலுக்கு அது ஆகாது. மணமில்லாக் களிம்பும், வெளியே புறப்படுமுன் வெயில் தடுப்புக் களிம்பும் போதும். எரிச்சல் தணியவில்லையா? இரண்டு நாள் தாடியோடு திரிந்தால்தான் என்ன?