11 நாளில் 8 நாடு! நிஜமாகப் பார்ப்பது 4 பகல்தான்! ஐரோப்பா கிளம்புகிறவர்கள் உஷார்!

சென்னை, ஜன. 20-

பொங்கல் முடிந்ததும் முடியாததுமாக ஐரோப்பா சுற்றுலா நோட்டீஸ்கள் பறக்க ஆரம்பித்து விட்டன. ஈபிள் கோபுரம், பனிமலை, பைசா சாய்ந்த கோபுரம் எல்லாம் ஒரே தாளில் பளபளக்கின்றன. "11 நாள், 8 நாடு" என்கிற ரகம்தான் அதிகம். பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி. வாடிகனையும் தனி நாடாகச் சேர்த்து 9 என்று எண்ணுகிற கில்லாடிகளும் உண்டு!

நம்ம ஊர் குடும்பம் ஒன்று போவதாக வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, பிளஸ்-2 எழுதும் மகள், 65 வயதுப் பாட்டி. பல வருஷச் சேமிப்பு. ஒருமுறைதான் போகப் போகிறார்கள்.

நோட்டீசை மடித்து வைத்துவிட்டு ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் நாள் விமானத்திலேயே போய்விடும். 10-ம் நாள் மூட்டை கட்டி விமானம் ஏற வேண்டும். 11-ம் நாள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிற நாள். மீதி 8 நாள்.

பாரிசில் பஸ் ஏறி, பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிஸ், வாடுஸ், இன்ஸ்புரூக், வெனிஸ், புளோரன்ஸ், பைசா என்று சுற்றி ரோமில் இறங்கினால் 2,500 கிலோ மீட்டருக்குக் குறையாது. சென்னையிலிருந்து டெல்லி போவதை விட அதிகம். மணிக்கு 70 கி.மீ. வேகம் என்றாலும் 35 மணி நேரத்துக்கு மேல் பஸ்சுக்குள்ளேதான்! பகல் ஒன்றுக்கு 9 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 4 பகல் காலி.

மிச்சம் 4 பகல். 8 நாடு. நாட்டுக்கு அரை நாள்!

டிரைவர் ஓட்ட மாட்டார்!

"கொஞ்சம் வேகமாப் போப்பா" என்று டிரைவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே டிரைவர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை அனுமதி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதை வண்டியில் உள்ள கருவியே பதிவு செய்துவிடும். மீறினால் அபராதம்.

ஆகவே, வழியில் டிராபிக் ஜாம் ஆனால் டிரைவரின் ஓய்வு குறையாது. நீங்கள் ஊர் பார்க்கும் நேரம்தான் குறையும். பிரசல்சில் இறங்கி, முழங்கால் உயரப் பையன் சிலை முன்னால் நின்று ஒரு போட்டோ; மறுபடி பஸ். பெல்ஜியம் முடிந்தது!

"வெனிசில் ஓட்டல்" என்று போட்டிருந்தால் எந்த வெனிஸ் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது தண்ணீர் நகரமாக இருக்காது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தரையில் இருக்கும் மெஸ்த்ரே. அதில் தப்பில்லை, வாடகையும் குறைவு. ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் அல்லவா?

3 ஊர் போதும்!

அந்தக் குடும்பத்துக்கு இந்த நிருபர் போடும் திட்டம் இது. பாரிசில் இறங்கி, ரோமில் விமானம் ஏறி வந்துவிட வேண்டும். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிப்பது ஒரு நாளை வீணாக்கும் வேலை.

மொத்தம் 9 ராத்திரி. பாரிஸ் 3, சுவிசில் இன்டர்லாக்கன் 2, ரோம் 4.

பாரிசிலிருந்து இன்டர்லாக்கன், பாசல் ஊரில் ரெயில் மாறினால் ஐந்து, ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து மிலான் வழியாக ரோம் ஏழு மணி நேரம் ஆகலாம். ஆக, ஊர் மாறும் இரண்டு பகல்தான் நஷ்டம். ஆனால் சிவப்புச் சட்டை போர்ட்டரை எதிர்பார்க்காதீர்கள். பெட்டியை நீங்களே தூக்க வேண்டும். நாலு பேருக்கு நாலு பெட்டிக்கு மேல் எடுத்துப் போனால் பாட்டி பாடு திண்டாட்டம்.

வெனிசை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. 65 வயதுக்காரரை வைத்துக் கொண்டு, ஒரே ராத்திரிக்காக, பெட்டியோடு ஏறி இறங்குவது வேண்டாத வேலை. இளசுகள் மட்டும் போனால் ரோமில் ஒரு ராத்திரியைக் குறைத்து அங்கே போடலாம். அப்படிச் செய்தாலும் விசா கணக்கு மாறாது!

விசா எந்த நாட்டில்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குள் போய் வரலாம். (இங்கிலாந்து இதில் கிடையாது. லண்டனைச் சேர்த்தால் தனி விசா, தனிச் செலவு.) ஆனால் எந்த நாட்டிடம் மனுக் கொடுப்பது? சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

நம் குடும்பம் இறங்குவது பாரிசில். ஆனால் ரோமில் 4 ராத்திரி. ஆகவே இத்தாலியிடம்தான் மனுப் போட வேண்டும். பாரிஸ் 3, ரோம் 3 என்று மாற்றி, இடையில் இருக்கும் ராத்திரியைச் சுவிசுக்குக் கொடுத்து விட்டால், மூன்றும் சமம், பிரான்சு! வெனிசுக்குக் கொடுத்தால் அதுவும் இத்தாலிதானே. மறுபடி இத்தாலிக்கே 4!

ஒரு ராத்திரியைத் தள்ளிப் போட்டால் மனுப் போகும் இடமே மாறுகிறது. திட்டத்தை முடிக்காமல் விசாவுக்கு ஓடக் கூடாது என்பது இதனால்தான்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. நாலு பேருக்கு 360. மனு வாங்கும் மையத்தின் சர்வீஸ் கட்டணம் தனி. மறுத்துவிட்டால் ஒரு காசு திரும்பாது! 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்சும் கட்டாயம்.

"டம்மி ஓட்டல் ரசீது நாங்களே தருகிறோம் சார்" என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள். ஆளைவிடு சாமி என்று ஓடி வந்துவிடுங்கள். போலிக் காகிதம் என்று தெரிந்தால் விசா காலி. பின்னால் ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையை உங்கள் பெயரிலேயே பதிவு செய்தால் போதும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பே மனுப் போடலாம். முடிவு சொல்ல 15 நாள்; சில மனுக்களுக்கு 45 நாள் வரை இழுக்கலாம். பரீட்சை முடிந்து மே மாதம் போக நினைப்பவர்கள் இப்போதே கிளம்ப வேண்டும்.

மே மாதமா, ஜூலையா?

அங்கே கோடை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்டு. நமக்கோ ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மே கடைசி வாரம் போவதே உத்தமம். பாரிசில் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலைக் கூட்டம் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் ரோம் வெயில் நம்ம ஊரை ஞாபகப்படுத்தும். பழைய ஓட்டல்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது.

கிழமையையும் பாருங்கள். பாரிசில் மோனலிசா படம் இருக்கும் லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடல். வாடிகன் மியூசியம் ஞாயிறு மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. மே 1 அன்று இரண்டுமே இல்லை.

ரோம் கொலோசியம் டிக்கெட்டில் 2023 முதல் ஆளின் பெயரையும் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒத்துப் போக வேண்டும். இன்ஷியல் குழப்பம் நமக்குத்தான் அதிகம். கவனம்!

இன்டர்லாக்கனிலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்பிராவ்யோக் பனிமலைக் கணவாய்க்கு ரெயிலிலேயே போகலாம். டிக்கெட் விலை தலை சுற்றும். மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மலை உச்சியில் கேமரா வைத்து நேரடியாகக் காட்டுகிறார்கள். காலையில் அதைப் பார்த்து விட்டு டிக்கெட் வாங்குங்கள். அங்கே 2 ராத்திரி தங்குவதால் நடுவில் முழுசாக ஒரு நாள் கிடைக்கிறது. சுற்றுலா பஸ் அப்படிக் காத்திருக்குமா?

ஜேப்படிக் கில்லாடிகள்!

நம்ம பாரிமுனை ஜேப்படி ஆசாமிகளுக்கு அந்த பாரிஸ் ஆசாமிகள் சளைத்தவர்கள் அல்ல!

மோன்மார்த் மலைக் கோவில் படிக்கட்டில் ஒருவன் சிரித்துக் கொண்டே உங்கள் கையில் கலர் நூலைக் கட்டுவான். கட்டி முடித்ததும் காசு கேட்டு மடக்குவான். ஆற்றங்கரையில் இன்னொருவன் "தங்க மோதிரம் கிடந்தது, உங்களுடையதா?" என்று குனிந்து எடுப்பான். பித்தளை! ஈபிள் கோபுரத்தடியில் கும்பலாகப் பெண்கள் வந்து காது கேளாதோருக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும்போது உங்கள் பை திறந்திருக்கும்.

மெட்ரோ ரெயிலில் கதவு மூடும் நேரம் பார்த்து செல்போனைப் பறித்துக் குதித்து ஓடுவது இன்னொரு ரகம். ரோம் டெர்மினி ஸ்டேஷனிலும், வாடிகன் பக்கம் போகும் 64-ம் நம்பர் பஸ்சிலும் இவர்கள் கைவரிசை பிரசித்தம். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பவர்கள் வைக்காமலே இருக்கலாம்.

பாஸ்போர்ட்டை சட்டைக்குள் பையில் மாட்டிக் கொள்ளுங்கள். நகல் ஒன்று பெட்டியில், ஒன்று சென்னையில் உறவினரிடம். பறிபோனால் 112 என்ற எண் ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். போலீசில் புகார் எழுதி வாங்கி இந்தியத் தூதரகத்துக்குப் போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் அதை வைத்துக் கொண்டு இந்தியாவுக்குத் திரும்பத்தான் முடியும். பாரிசில் பறிகொடுத்தால் ரோம் கிடையாது!