பழுதும் பெயரும்: பழைய மகிழுந்தைப் பேணுவதில் மொழியின் பங்கு

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் அகராதியும் ஆய்வறையும் நம் நினைவுக்கு வருகின்றன, பட்டறை வருவதில்லை. ஆயினும் ஒரு பெயர் பொருந்தாமல் அமைந்தால் அதன் விளைவு கண்கூடாகத் தெரியும் இடம் பட்டறையே. நூலில் பிழைபட்ட சொல் அடுத்த பதிப்பு வரை காத்திருக்கும். எந்திரத்தில் பிழைபட்ட சொல் அன்றே பழுதாக மாறும்.

இதனைப் பேசுவதற்குப் பிரிக்பீல்ட்ஸ் தக்க இடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் செங்கற்கட்டடங்களாக எழுந்தபோது இங்கிருந்த சூளைகளால் இப்பெயர் ஏற்பட்டது. செய்த தொழிலே இடத்திற்குப் பெயராயிற்று. பின்னர் இரயில்வே வந்தது. அதன் ஊழியர்க்கென 1905இல் கட்டப்பட்ட 'நூறு வீடுகள்' நெடுங்காலம் இவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்கின. எந்திரம் சார்ந்த சொற்கள் மலாயாத் தமிழருள் பலர்க்கு நூல்வழி வரவில்லை. வேலைத்தளத்தில் வாய்வழியே வந்தன. ஆங்கிலமும் மலாயும் தமிழும் அங்கே கலந்தன. தொழிலாளர் தலைவரைக் குறிக்கும் 'ஃபோர்மன்' என்னும் ஆங்கிலச் சொல், மலாய்ப் பேச்சில் 'போமன்' எனத் திரிந்து வண்டி பழுதுபார்ப்பவரையே குறிக்கலாயிற்று.

நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது மெர்சிடிஸ் பென்ஸ் 280சிஇ. நெடும்பயணத்திற்கென வடிவமைக்கப்பட்ட, இரு கதவுகள் உடைய கூப்பே வகை மகிழுந்து இது. இவ்வரிசைக் கூப்பேக்கள் 1977 முதல் 1985 வரை ஏறத்தாழ 1 இலட்சம் உருவாயின. நான்கு கதவு வண்டியைவிட இதன் சக்கர இடைவெளி 85 மில்லிமீட்டர் குறைவு. கதவுகளுக்குப் பின்னே நடுத்தூண் கிடையாது. இன்றைய வண்டியில் கணினி பழுதுக்குறியீட்டைக் காட்டும். இவ்வண்டியில் அத்தகைய வசதி இல்லை. உரிமையாளர் வாயால் சொல்வதும் பழுதுபார்ப்பவர் காதால் கேட்பதுமே முதற் சோதனை. ஆகவே இதனைப் பேணுவதில் மொழியும் ஒரு கருவியாகிறது.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

எள்ளின் நெய்யே எண்ணெய். பிற்காலத்தில் அச்சொல் பொருள் விரிந்து தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் தழுவியது. அவ்விரிவின் தொடர்ச்சியாகவே 'பிரேக் எண்ணெய்' என்கிறோம். மலாயிலும் 'மிஞ்ஞாக் பிரேக்' என்பர். ஆனால் இவ்வண்டியின் பிரேக்கில் இருப்பது எண்ணெய் அன்று. கிளைக்கால் சார்ந்த நீர்மம். அதே எந்திர அறையில் ஸ்டியரிங்குக்கு உரிய உண்மையான எண்ணெய்க் கலமும் உள்ளது. இரண்டும் எண்ணெய்தானே என்று ஒருவர் ஒன்றை மற்றொன்றில் ஊற்றினால், பிரேக்கின் இரப்பர் அடைப்புகள் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும். பிரேக் இறுகிப் பிடிக்கும், அல்லது பிடிக்காமலே போகும். பின்னர் இரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்ற நேரும்.

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நம் பொது அறிவு. பிரேக் நீர்மமோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். 'டாட் 4' தர நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஏறத்தாழ 4 விழுக்காடு நீர் கலந்தபின் 155 பாகை அளவுக்கு அது இறங்கிவிடலாம். கெந்திங் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி, அந்நீர் ஆவியானால், மிதி வெறுமையாக உள்ளே அமிழும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில், வண்டி ஓடாமல் நின்றாலும், இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்நீர்மத்தை மாற்றுவது நலம். எண்ணெய் என்று அழைக்கும் வரை இவ்வறிவு பெயரிலிருந்து கிடைக்காது. 'பிரேக் நீர்மம்' என்பதே பொருந்தும்.

உறைபனி இல்லாத நாட்டில் 'உறைதடுப்பி'

குளிர்விக்கும் நீரில் கலக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஆன்டிஃபிரீஸ்' என்று பெயர். அதனை 'உறைதடுப்பி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இலக்கணப் பிழை இல்லை; பயன்பாட்டில் பிழை உண்டு. கோலாலம்பூரில் நீர் உறைவதில்லையே, பின் எதற்கு இது என்று எண்ணிக் குழாய்நீரையே ஊற்றுவார் உளர். அப்பொருளுக்கு வேறு இரண்டு பணிகள் உள்ளன: நீரின் கொதிநிலையை உயர்த்துதல், உலோகத்தை அரிப்பிலிருந்து காத்தல். 280சிஇ எந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. தலை அலுமினியக் கலவை. இவ்விரண்டு உலோகங்களையும் தழுவி வெறும் நீர் ஓடினால் அரிப்பு விரையும், வண்டல் ரேடியேட்டரை அடைக்கும், எந்திரம் கொதிக்கும், அலுமினியத் தலை வளையும். குளிர்நாட்டுக்குரிய பணியைப் பெயராக்கி, நம் நாட்டுக்குரிய பணியைப் பெயர் மறைத்துவிட்டது. இங்கே அதற்கு 'அரிப்புத்தடுப்பி' என்பதே தகும்.

நிறம் தந்த பெயர்

எந்திர எண்ணெயை மலாய்ப் பேச்சில் 'மிஞ்ஞாக் ஈத்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்பர். புதிய எண்ணெயின் நிறமோ தேன் போன்றது. புகைக்கரியைப் படியவிடாமல் தன்னுள் தாங்குவதால் அது கறுக்கிறது. ஆகவே கறுப்பு மட்டுமே கேட்டின் அடையாளம் ஆகாது. அஞ்சத்தக்கது பாலேட்டைப் போன்ற வெளிர்பழுப்பு. குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்திருக்கக்கூடும் என்பதற்கும், தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் பழுதாகியிருக்கலாம் என்பதற்கும் அதுவே எச்சரிக்கை.

ஒலிக்குறிப்பு என்னும் கருவி

பெயர்ச்சொல் இடறும் இடத்தில் தமிழுக்கு வேறொரு வலிமை உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இடம்தந்த இரட்டைக்கிளவி, பட்டறையில் இன்றும் உயிரோடு வழங்குகிறது. எந்திரத்தின் மேற்பகுதியில் சீராக 'டிக்டிக்' என்றால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இவ்வெந்திரத்தில் அதனைக் கையால் சரிசெய்ய வேண்டும். காலையில் முடுக்கியவுடன் முன்புறத்தில் 'கரகர' என்றால் டைமிங் சங்கிலியின் தளர்ச்சியை ஐயுறலாம். மேடேறும்போது 'கிணுகிணு' என்றால் தீப்பொறி முந்துகிறதா, பெட்ரோலின் தரம் போதுமா என்று ஆராய வேண்டும். அடியிலிருந்து கனத்த 'டொக்டொக்' எழுந்தால் உடனே நிறுத்துவதே அறிவுடைமை. 'சத்தம் வருகிறது' என்னும் பொதுத்தொடர் இவற்றுள் ஒன்றையும் உணர்த்தாது.

ஒலியைப் போலவே காலமும் பொருள் தரும். 'வண்டி கிளம்பவில்லை' என்பது அரைச்செய்தி. 'விடியலில் ஒரே திருகில் கிளம்புகிறது. ஓட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் அடம்பிடிக்கிறது' என்பது முழுச்செய்தி. கே-ஜெட்ரானிக் என்னும் எரிபொருள் அமைப்பு, எந்திரம் நின்றபின்னும் குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்க வேண்டும். அதற்குரிய தேக்கியோ ஒருவழி வால்வோ பழுதானால், வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகும். 'எப்போது' என்ற ஒரு சொல், தேவையற்ற பல உறுப்புகளை வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

நாம் செய்யத்தக்கது

எல்லாவற்றையும் பெயர்த்தாக வேண்டும் என்பது நம் கருத்தன்று. 'பிஸ்டன்', 'கேஸ்கட்' ஆகியவை ஒரு பொருளையே ஐயமின்றிச் சுட்டுகின்றன. அவை இருந்து போகட்டும். வழங்கும் பெயர் கையைத் தவறான கலத்திற்கு நடத்தும் இடத்திலேயே புதுச்சொல் தேவை. அச்சொல்லும் பிறமொழிப் பெயரின் நிழலாக இராமல், நம் வெயிலிலும் ஈரத்திலும் அப்பொருள் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும்.

பழைய வண்டிகளைக் காதால் அறியும் தலைமுறை முதுமை எய்துகிறது. குறியீட்டுக் கருவியோடு வளரும் இளையோர்க்கு 'கரகர'வும் 'கிணுகிணு'வும் வேறுவேறு நோய்கள் என்பது நாளடைவில் மறக்கக்கூடும். அகராதி தொகுப்போர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பட்டறைகளுக்குச் சென்று, இச்சொற்களை அவற்றுக்குரிய ஓசைகளோடு சேர்த்துப் பதிய வேண்டிய காலம் இது.