பதினைந்து லட்சம் பலூன்கள்!

குட்டீஸ், பொருட்காட்சியில் வாங்கிய காஸ் பலூன் கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும்? சிறு புள்ளியாகி, கண்ணை விட்டு மறைந்துவிடும். அது எங்கே போய் விழுந்தது என்று யாரும் தேடுவதில்லை. சரி, ஏறக்குறைய 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டால்?

அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரில் 1986 செப்டம்பர் 27 அன்று அதைத்தான் செய்தார்கள். 1969இல் ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்ததால் கேலிக்கு ஆளான ஊர் அது. ஒரு சாதனை செய்து நல்ல பெயர் வாங்க வேண்டும். 'யுனைடெட் வே' என்ற தொண்டு நிறுவனத்துக்கு நிதியும் சேர வேண்டும் என்று திட்டமிட்டனர். 2 பலூனுக்கு 1 டாலர் என்று சிறுவர்கள் நன்கொடை திரட்டினர்.

நகரின் நடுவே 250 அடி நீளம், 150 அடி அகலம், மூன்று மாடி உயரத்தில் சாரம் கட்டி, அதன்மேல் பெரிய வலை ஒன்றைப் போர்த்தினர். உள்ளே மாணவர்களும் தொண்டர்களுமாகச் சுமார் 2,500 பேர் ஹீலியம் வாயுவைப் பலூன்களில் நிரப்பினர். எத்தனை மணி நேர உழைப்பு!

மழை மேகம் நெருங்கி வரவே, பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பே வலையை அவிழ்த்துவிட்டார்கள். 14,29,643 பலூன்கள் வண்ணப் புகைபோல எழுந்து, 'டெர்மினல் டவர்' என்ற உயரமான கட்டடத்தையே மறைத்தன. மக்கள் கைதட்டினர்.

காஸ் பலூன் மேலே போகப் போக, வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். பலூன் விரியும். கடைசியில் வெடித்துவிடும், அல்லது வாயு மெல்லக் கசிந்து சுருங்கிவிடும். (அப்படி விழும் ரப்பர் துண்டுகளும் குப்பைதானே!) அன்றோ மழையும் குளிர்காற்றும் குறுக்கே வந்து, ஊதிய பலூன்களை அப்படியே கீழே தள்ளிவிட்டன. சாலைகளில் பலூன், ஏரியில் பலூன். விமான நிலையத்தின் ஓடுபாதையைச் சுமார் அரை மணி நேரம் மூட வேண்டியதாயிற்று. ஒரு மேய்ச்சல் நிலத்தில் பலூன்களைக் கண்டு மிரண்ட குதிரைகள் காயமடைந்தன.

இதைவிடப் பெரிய துயரம் ஏரியில் நடந்தது. முந்தைய நாள் படகில் மீன் பிடிக்கப் போன இருவர் வீடு திரும்பவில்லை. கடலோரக் காவல் படையினர் படகிலும் ஹெலிகாப்டரிலும் தேடினார்கள். நீரில் தத்தளிப்பவரின் தலை மட்டும்தானே மேலே தெரியும்? ஏரியெங்கும் தலை அளவில் பலூன்கள் மிதந்தால், எது தலை, எது பலூன்? செப்டம்பர் 29 அன்று தேடுதலை நிறுத்தினர். பின்னர் இருவரின் உடல்களும் கரை ஒதுங்கின. பலூன்கள் இல்லாதிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் தேடியவர்களுக்கு அவை பெரும் இடையூறாக இருந்தன.

மீனவர் ஒருவரின் மனைவியும், குதிரைகளின் உரிமையாளரும் வழக்குப் போட்டனர். இரண்டும் சமரசத்தில் முடிந்தன. நிதி திரட்ட நடந்த விழா நஷ்டத்தில் போய் நின்றது.

1988ஆம் ஆண்டின் கின்னஸ் புத்தகத்தில் இந்தச் சாதனை இடம்பெற்றது. இப்போது பலூன் பறக்கவிடும் சாதனைகளைக் கின்னஸ் ஏற்பதில்லை.