மொட்டை மாடி மரத்தளத்துக்கு என்ன அடிக்கலாம்? வார்னிஷ், பெயின்ட், ஸ்டெயின் பற்றி ஒரு குறிப்பு

வெயிலும் மழையும் நேராகப் படுகிற மரத்துக்கு என்ன பூசுவது என்று சென்னையில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூரில் அத்தையின் பழைய வீடு ஃபிளாட்டாக மாறியபோது, கூரையைத் தாங்கிய தேக்குச் சட்டங்களில் சிலவற்றை அவர் பழைய மரக் கடைக்கு விடாமல் எடுத்து வைத்துக்கொண்டார். மெட்ராஸ் டெரஸ் கூரை அது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையால் இறுக்குவார்கள். அந்தச் சட்டங்களைப் பலகையாக அறுத்து, அடையாறு வீட்டு மொட்டை மாடியில் 10-க்கு 12 அடியில் ஒரு மரத்தளம் போட்டாயிற்று. இனி பூச்சு வேலைதான் பாக்கி.

பெயின்டர் சொன்னது: "பி.யு. கிளியர் ரெண்டு கோட் அடிச்சா கண்ணாடி மாதிரி மின்னும்." ஹார்டுவேர் கடைக்காரர்: "வார்னிஷே போதும், வருஷா வருஷம் அடிச்சுக்கலாம்." அத்தை: "தேக்குக்கு எதுக்குடா இதெல்லாம்? அது பாட்டுக்கு இருக்கும்."

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இது சோதனை பண்ணிப் பார்க்கிற மரம் இல்லை. ரங்கூன், மௌல்மெயின் துறைமுகங்களிலிருந்து பர்மா தேக்கு கப்பல் கப்பலாக வந்த காலம் போய்விட்டது. மியான்மர் 2014-இல் கட்டை மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. போனால் இதே மரம் திரும்பக் கிடைக்காது. அதனால் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வானம் பார்த்த தரைப்பலகைக்கு, மேலே தோல் மாதிரி படிகிற எதுவும் வேண்டாம். மரத்துக்குள் இறங்குகிற, நிறம் கலந்த எண்ணெய் ஸ்டெயின்தான் சரி. ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

மரத்தை எது கெடுக்கிறது?

முதலில் வெயில். மரத்தின் நார்களைப் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கும் பொருள் லிக்னின். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் இந்த லிக்னினைத்தான் உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மிச்சம் நிற்கும் நார் சாம்பல் நிறமாகும். பழைய மரக் கேட்டைத் தடவினால் கையில் ஒட்டுகிற சாம்பல் தூள் இதுதான்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது மெதுவான வேலை. அமெரிக்காவில் மேடிசன் நகரில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகம் இதைப் பல காலமாக ஆராய்ந்து வருகிறது. அவர்கள் கணக்குப்படி, எதுவும் பூசாத பைன் போன்ற மென்மரம் வெயில் மழையில் தேய்வது 100 வருஷத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான். அடர்த்தியான மரம் இன்னும் குறைவாகத் தேயும். ஆக, வெயில் மரத்தின் முகத்தைத்தான் கெடுக்கிறது, உயிரை எடுப்பதில்லை.

உயிரை எடுப்பது ஈரம். அதிலும், உள்ளே போய் வெளியே வர முடியாமல் தங்கிவிட்ட ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அழுக வைக்கும் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. சென்னைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில்கூட, மழை படாத மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 16 சதவீத நீரைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதாவது, கடற்காற்று மட்டும் மரத்தை அழுக வைக்காது. மழைநீர் தேங்கி நிற்க வேண்டும்.

நம் ஊரில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதே ஊரில் 2003 மே மாதம் 45 டிகிரி வெயிலும் அடித்திருக்கிறது. மொட்டை மாடிப் பலகை இந்த இரண்டுக்கும் நடுவில் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். 15 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்கினாலே அகலம் ஏறத்தாழ 1 மி.மீ. மாறும். மழையில் ஊறினால் இன்னும் அதிகம்.

மேலே படிவது, உள்ளே இறங்குவது

கடையில் விற்கும் பூச்சு எதுவானாலும் இந்த இரண்டு சாதியில் ஒன்றில் அடங்கிவிடும்.

பெயின்ட், வார்னிஷ், மெலமைன், பி.யு. எல்லாம் மேலே படிகிற சாதி. காய்ந்ததும் ஒரு படலமாக நிற்கும். படலம் முழுசாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் அடியில் பலகை ஊதிச் சுருங்கும்போது படலமும் கூடவே இழுபட வேண்டும். ஒருநாள் ஆணித் தலையிலோ பலகை முனையிலோ மயிரிழை விரிசல் விடும். தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும், ஏறி வர வழி இருக்காது. மேலே பளபளப்பு, கீழே அழுகல்.

கிளியர் பூச்சு என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நம் கண்ணுக்கு மரம் தெரிகிறது என்றால் வெளிச்சமும் அதைத் தாண்டி மரத்துக்குப் போகிறது என்று அர்த்தம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்திருந்தாலும், அது நாளடைவில் தீர்ந்துபோகும். பிறகு வார்னிஷ் எந்த நாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அந்த நாரே தளர்ந்துவிடும். வார்னிஷ் ஏடு ஏடாக உரிவது இதனால்தான். பெரும்பாலும் அது பூச்சின் தரக்குறைவு அல்ல, அடியில் பிடிமானம் போய்விட்டது.

உரிந்த பிறகுதான் உண்மையான நஷ்டம். அதன்மேலேயே இன்னொரு கோட் அடிக்க முடியாது. முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பச்சை மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரமும் சேர்ந்து தூளாகப் போகும். நூறு வருஷ வெயில் தின்னாததை நாலு தடவை மெஷின் சாண்டிங் தின்றுவிடும். "வருஷா வருஷம் அடிச்சுக்கலாம்" என்பதில் சொல்லாமல் விட்ட செலவு இது.

போதாததற்கு, பளபளப்பான படலம் நனைந்தால் வழுக்கும். வயசானவர்கள் காலையில் காபி டம்ளரோடு நடக்கப் போகிற இடம் அது.

உள்ளே இறங்குகிற சாதியில் வருவன எண்ணெய் ஸ்டெயின், டெக்கிங் ஆயில் போன்றவை. இவை நாருக்குள் ஊறிக் காயும். மேலே தோல் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. தண்ணீரை ஓரளவு தடுக்கும். மீறி உள்ளே போன தண்ணீர் வெயிலில் ஆவியாக வெளியேறும். ஒரே குறை, சீக்கிரம் தேயும். மறுபூச்சுக்குக் கழுவிக் காயவிட்டு அடித்தால் போதும், சுரண்ட வேண்டியதில்லை.

கட்டுமரம் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தை நம் கரையில் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார்கள். ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் இன்று ஃபைபர் படகுகள் நிற்கும் இடத்தில் முன்பு கட்டுமரங்கள் கிடந்தன. வார்னிஷ் இல்லாமல் உப்புத் தண்ணீரில் தினம் ஊறிய மரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர விடுவார்கள். பெருமரம், மலைவேம்பு மாதிரி லேசான மரங்கள்தான் அவை. தேக்கின் பலம் கிடையாது. அவற்றைக் காத்ததில் பெரிய பங்கு இந்த உலர்த்தலுக்கு உண்டு.

மாடித் தளத்தைத் தினமும் அவிழ்க்க முடியாது. ஆனால் காய்வதற்கு வழி விடலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி. அடிச்சட்டத்துக்குக் கீழே ரப்பர் துண்டு வைத்து, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கல். மாடியின் நீர் வாட்டத்தை மறிக்காமல் சட்டங்களைப் போடுவது. இந்த மூன்றும் இல்லையென்றால் எந்த டின்னை வாங்கினாலும் வீண்.

கிளியரா, கலரா?

கலர்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்க, சலிக்காமல் உழைக்கும் பொருள் நிறமி. மர ஸ்டெயினில் பழுப்பும் செம்பழுப்பும் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு. கோலத்துக்கு ஓரம் கட்டும் காவியில் இருப்பதும், கோயில் மதிலில் பட்டையடிக்கும் காவியில் இருப்பதும் அதுவேதான். மதிலில் வருஷக்கணக்கில் வெயில் குடித்தும் அது வெளுத்து மறைந்துவிடுவதில்லை. ஸ்டெயினில் இதையே மிக நுண்ணிய தூளாக அரைத்துக் கலப்பதால் மரத்தின் ரேகை தெரியும், கதிர் தடுக்கப்படும். 'நேச்சுரல்', 'கிளியர்' என்று போட்ட டின்னைவிட, தேக்கு நிறமோ வால்நட் நிறமோ உள்ள டின் அதிக நாள் தாங்கும்.

"தேக்குதானே?"

அத்தை சொன்னதற்கு வருகிறேன். மியான்மரில் அமரபுரா அருகே ஊ பெய்ன் பாலம் இருக்கிறது. 1850 வாக்கில் ஏரியின் குறுக்கே கட்டிய தேக்குப் பாலம், நீளம் 1.2 கிலோமீட்டர். அதன் தேக்கும் பழைய அரண்மனையிலிருந்து வந்த மறுபயன்பாட்டு மரம்தான். சில தூண்களுக்குப் பதில் கான்கிரீட் வந்துவிட்டாலும் இன்னும் மக்கள் அதில் நடக்கிறார்கள். அத்தை பக்கம் பலமான சாட்சி இது.

ஆனால் தேக்கின் இந்தக் குணம் வைரம் பாய்ந்த நடுமரத்துக்குத்தான். பட்டையை ஒட்டிய வெளிர் பகுதிக்கு அது இல்லை. கரையானும் பூஞ்சையும் அங்கேதான் முதலில் கை வைக்கும். எங்கள் பழைய சட்டங்கள் பெரும்பாலும் வைரம். பலகை பத்தாமல் புதிதாக வாங்கிச் சேர்த்த துண்டுகளில் வெளிர்க் கோடு தெரிகிறது. அவற்றுக்குப் பூச்சு அவசியம். வைர மரத்தை அப்படியே விட்டால் சாம்பல் நிறமாகும், பிளவு விடும், கெட்டுப்போகாது. அந்த நிறம் பிடித்தால் அதுவும் ஒரு வழிதான், சோம்பேறித்தனம் இல்லை.

கையை வைக்கக் கூடாதவை

கராஜில் கிடைக்கும் வேஸ்ட் ஆயிலை வேலிக்கும் கழிக்கும் பூசுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. அது காயாது, காலில் ஒட்டும், அதில் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்கள் இருக்கின்றன. வீட்டுத் தளத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தனி லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், மரத்துக்கு அழகுதான். ஆனால் அது பூசணத்துக்கும் சாப்பாடு. சென்னை ஐப்பசி, கார்த்திகையில் கறுப்புப் புள்ளி போடும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த தயாரிப்பாகப் பார்த்து வாங்குவது மேல்.

பழைய மரத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். ஈரப்படுத்தித் தேய்த்து, மாஸ்க் போட்டு, தூளைத் துடைத்து அள்ளுங்கள்.

எப்போது, எப்படி?

சென்னைக்கு நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை மரம் அதற்குள் விட்டிருக்கும், அக்னி நட்சத்திரமும் வந்திருக்காது. பலகை சுடுகிற மத்தியான வேளையில் அடித்தால் எண்ணெய் உள்ளே இறங்குமுன் மேலேயே இறுகிவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகு, நிழல் விழும் நேரமாகப் பார்த்து அடிக்கலாம்.

முதலில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் மரம் தயார். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, இப்போது அடிக்கத் தேவையில்லை. பலகையின் வெட்டு முனைகளுக்குக் கூடுதலாக ஒரு கை. மரம் அதிகம் தண்ணீர் குடிப்பது அந்த முனைகள் வழியாகத்தான். அடித்துக் கால் மணி நேரம் கழித்து, உள்ளே போகாமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். விட்டால் பிசுக்காகி அதுவும் படலமாகிவிடும். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடல் பக்கம் என்றால் 316 கிரேடு. சாதா இரும்பு துருப்பிடிப்பதோடு தேக்கில் கறுப்புக் கறையும் விடும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வார்னிஷுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. போர்டிகோவுக்குள் இருக்கும் வாசற்கதவு, கூரைக்குக் கீழே தொங்கும் ஊஞ்சல், மழை நேராக அடிக்காத ஜன்னல், இங்கெல்லாம் தாராளமாக அடிக்கலாம்.

எங்கள் தளத்துக்குத் தேக்கு நிற எண்ணெய் ஸ்டெயின் என்று முடிவாகியிருக்கிறது. 120 சதுர அடிக்கு, ஒரு கோட்டுக்குச் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். பிப்ரவரியில் ரெண்டு கோட், பிறகு வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர்ச் சொட்டுச் சோதனை. அத்தைக்காக ஒரு மூலையில் ஒரே ஒரு வைரப் பலகையை மட்டும் எதுவும் பூசாமல் விடுகிறோம். எது எப்படி ஆகிறது என்று பக்கத்தில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.