நீச்சல் பழகுவோர் முதலில் கற்க வேண்டியது மூச்சு

கோடை தொடங்கியதும் பெருநகர நீச்சல் குளங்களில் புதிதாகச் சேருவோர் எண்ணிக்கை உயரும். உடற்பயிற்சிக்காகச் சேரும் நடுத்தர வயதினர் பலர், பத்து மீட்டர் கடப்பதற்குள் மூச்சிரைத்து, தங்கள் உடலில் வலு இல்லை என்று முடிவுகட்டி முதல் வாரத்திலேயே நின்றுவிடுகின்றனர். பெரும்பாலும் குறை வலுவில் இல்லை; மூச்சுவிடும் முறையில் உள்ளது.

முகம் நீருக்குள் சென்றதும் புதியவர் தம்மையறியாமல் மூச்சை அடக்குகிறார். உடலில் கரியமில வாயு சேரச் சேரத் திணறல் எழுகிறது. தலையை வெளியே எடுக்கும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றை இழுக்க நேரம் போதுவதில்லை. பதற்றத்தில் தலையை மேலும் உயர்த்துகிறார். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். சாய்ந்த உடலை நீர் தடுக்கும். ஒவ்வொரு கைவீச்சுக்கும் கூடுதல் உழைப்பு தேவைப்படும்.

இதற்கான பயிற்சி எளிது. நெஞ்சளவு நீரில் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் அமிழ்த்தி, காற்றைக் குமிழிகளாக நிதானமாக வெளிவிட வேண்டும். முகம் மேலே வந்ததும் வாயால் உள்ளிழுத்தால் போதும். இது இயல்பாக வந்த பிறகே மிதத்தல், காலசைவு, கைவீச்சு ஆகியவற்றுக்குச் செல்வது நல்லது. ஃப்ரீஸ்டைல் முறையில் தலையை உயர்த்தாமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சிழுக்க வேண்டும். முதல் சில நாள்கள் குமிழிவிடுவதிலேயே கழிந்தாலும் இழப்பில்லை. விலையுயர்ந்த கருவிகள் காத்திருக்கலாம். கண்ணுக்குப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி ஒன்று போதும்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நீச்சலும் இக்கணக்கில் சேரும். எனினும் தொடக்கத்தில் வாரம் 2 அல்லது 3 நாள்கள், ஓய்வையும் சேர்த்து 20 முதல் 30 நிமிடங்கள் போதுமானவை. 25 மீட்டர் நீந்தி, இயல்பாகப் பேசும் அளவுக்கு மூச்சு சீரான பின் அடுத்த சுற்றைத் தொடங்கலாம். இடுப்பளவு நீர் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத் தாங்குவதால், முழங்கால் வலி உள்ளோர் நீரில் நடப்பதிலிருந்தே தொடங்கலாம். அதே காரணத்தால் எலும்புக்கு வலுவூட்டும் சுமை நீச்சலில் குறைவு. நடைப்பயிற்சியை முற்றிலும் கைவிடலாகாது. வியர்ப்பது தெரியாது என்பதால் குடிநீரையும் மறக்கக் கூடாது.

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைக்குப் பிறகே இறங்க வேண்டும். நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி, நன்கு நீந்துவோருக்கும் ஆபத்தானது. முன்னறிகுறியின்றி மயக்கம் வரக்கூடும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி உயிரிழப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகள் காட்டுகின்றன. மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே போராடுபவரிடமிருந்து குரல் எழாது. எனவே உயிர்காப்பாளர் பணியில் உள்ள நேரத்தில், கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழத்தில் மட்டுமே புதியவர்கள் பழக வேண்டும். குளத்தில் சில சுற்றுகள் நீந்தக் கற்றதை நம்பி, ஆற்றிலோ கடலிலோ இறங்கலாகாது.